எழுபது வயதில் இவ்வளவு பளபளப்பா?

கேள்வி: 1950களில் செய்த ஒமேகா தங்க வாட்ச் ஒன்று இணையத்தில் 38,000 ரூபாய்க்கு வந்திருக்கிறது. டயல் நேற்று கடையில் வாங்கியதுபோல் மின்னுகிறது. பழைய பாடெக் ஃபிலிப் ஒன்று பல கோடிக்கு ஏலம் போனதாகப் படித்தேன். இதை வாங்கி வைத்தால் ஐந்து வருடத்தில் விலை இரண்டு மடங்காகுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: நீங்கள் கேட்பது கைக்கடிகாரத்தைப் பற்றியா, ஃபிக்ஸட் டெபாசிட்டைப் பற்றியா என்று புரியவில்லை.

நீங்கள் படித்த ஏலம் 2016இல் ஜெனீவாவில் நடந்ததாக இருக்கும். சுவிஸ் கம்பெனியான பாடெக் ஃபிலிப்பின் 1518 என்ற மாடல் ஒரு கோடியே பத்து லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்குப் போனது. அது தங்க வாட்ச் இல்லை, எஃகு. அந்த மாடலில் தங்கம்தான் வழக்கம். எஃகில் வெளியே தெரிந்தவை நான்கே நான்கு. அந்த நான்கில் ஒன்றுக்குக் கிடைத்த விலையை வைத்து, ஆயிரக்கணக்கில் செய்து விற்ற வாட்சுக்குக் கணக்குப் போடாதீர்கள்.

சரி, உங்கள் ஒமேகாவுக்கு வருவோம். நீங்கள் பெருமையாகச் சொல்லும் அந்தப் பளபளப்புதான் எனக்கு உறுத்துகிறது. எழுபது வருடம் வெயிலும் ஈரமும் பார்த்த டயல் கொஞ்சமாவது பழுத்திருக்கும், ஓரத்தில் ஒரு புள்ளியாவது விழுந்திருக்கும். அப்படி எதுவுமே இல்லையென்றால், பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார்கள் என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும். நம் நாட்டில் இது பெரிய தொழில். மும்பையில் இப்படி ஜோடித்த பழைய ஃபேவர் லூபாவும் எச்எம்டியும் கம்பெனி கனவிலும் நினைக்காத நிறங்களில் வருகின்றன.

இந்த வகை வாட்சில் விலையில் பெரும்பங்கு டயலுக்குத்தான். பாடெக் ஃபிலிப்பின் கலட்ராவா 96ஐப் பாருங்கள். 1932இல் வந்தது, குறுக்களவு சுமார் 31 மில்லிமீட்டர்தான், இன்றைய கைக்குப் பொடியாகத் தெரியும். அதே வருடம் கம்பெனியை வாங்கிய ஸ்டெர்ன் சகோதரர்கள் அதுவரை அந்தக் கம்பெனிக்கு டயல் செய்து கொடுத்தவர்கள். அந்தக் காலத்து டயல்களில் கம்பெனிப் பெயரை உலோகத்தில் செதுக்கி, பள்ளத்தில் எனாமல் நிரப்பிச் சுட்டிருப்பார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் எழுத்துக்கு உடம்பு இருக்கும். கண்டபடி தேய்த்துக் கழுவிய டயலில் அது மெலிந்துபோகும்; மறுபடி அச்சடித்ததில் மை தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒமேகாவில் பொதுவாக அச்சுதான். ஆனாலும் எழுத்தின் ஓரம் கூர்மையா, கோடுகள் சம இடைவெளியா, ஆறு மணிக்குக் கீழே ‘ஸ்விஸ் மேட்’ நேராக நிற்கிறதா என்று பாருங்கள். ரீடயல், அதாவது டயலை மறுபடி பூசி அச்சடிக்கும் வேலை, செய்பவர்கள் சறுக்குவது அங்கேதான்.

அப்புறம், ‘தங்கம்’ என்று யார் சொன்னது? கேஸில், அதாவது வாட்சின் வெளிக்கூட்டில், ‘20 மைக்ரான்’ என்று இருந்தால் அது முலாம். அந்தக் காலத்தில் சுவிட்சர்லாந்தில் முத்திரையிட்ட 18 கேரட் கேஸ் என்றால் அந்த நாட்டின் உருவகமான ஹெல்வேஷியா என்கிற பெண்ணின் தலை இருக்கும், 14 கேரட் என்றால் அணில். செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை முத்திரையாக 1995இல்தான் வந்தது. 1950களின் கேஸில் அது இருந்தால் விற்பவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். முத்திரை பாதி அழிந்து, ஸ்ட்ராப் மாட்டும் காதுகள் மழுங்கியிருந்தால், யாரோ பாலிஷ் போட்டுப் போட்டே கரைத்திருக்கிறார்கள்.

மூடியைத் திறந்து, மெஷினையும் மூடியின் உள்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்து வாங்கினாலும், எண்ணெய் காய்ந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு சர்வீஸுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். ஈரோட்டு வியர்வைக்குப் பழைய தோல் ஸ்ட்ராப்பும் தாங்காது. இரண்டு மடங்குதான் வேண்டுமென்றால், அதற்கு நான் ஆள் இல்லை.