கட்டிப்பிடித்தால் உறுமுகிறதே!

கேள்வி: எங்கள் நாய் ஜிம்மிக்கு நான்கு வயது. சாப்பாடு, குளிப்பு, பின்னேர நடை என்று ஒரு குறையும் வைக்கவில்லை. போன கிழமை என் ஏழு வயது மகள் கட்டிப்பிடித்துக் கொஞ்சியபோது உறுமிவிட்டது. ஏசினால் தலையைக் குனிந்துகொள்கிறது. 'செய்த பிழை அதுக்குத் தெரியுது, ரெண்டு அடி போடு' என்கிறார் மாமி. என்ன செய்யலாம்?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: அடிக்க வேண்டாம் தங்கச்சி. மாமியிடமும் தன்மையாகச் சொல்லுங்கள். 'எனக்குப் பிடிக்கவில்லை, விடு' என்று சொல்லத்தான் ஜிம்மி உறுமியது. அதற்கு அடி விழுந்தால் அது உறுமுவதை மட்டும்தான் விடும். பிடிக்காதது பிடிக்காததாகவே இருக்கும். பிறகு ஒரு நாள் சத்தமே இல்லாமல் கடிக்கும். 'திடீரென்று கடித்துவிட்டது' என்று என்னிடம் வருகிறவர்களிடம் விசாரித்தால், முன்பு உறுமியதற்கு ஏச்சு வாங்கிய கதை அநேகமாக வெளியே வரும்.

கழுத்தைச் சுற்றிக் கை போட்டால் நாயால் விலகிப் போக முடியாது. பல நாய்கள் அதை நம்மீதுள்ள பாசத்தால் பொறுத்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். உறுமுவதற்கு முன்பே ஜிம்மி வேறு விதமாகச் சொல்லியிருக்கும்: முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரியும். மகள் கொஞ்சும்போது எடுத்த படங்கள் போனில் இருந்தால் பாருங்கள். அவள் சிரிப்பை விட்டுவிட்டு நாயின் முகத்தை மட்டும் பாருங்கள்.

மகளுக்கு இப்படிப் பழக்குங்கள்: ஜிம்மி தானாக வரட்டும். உச்சந்தலையில் தட்டாமல் நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் தடவிவிட்டுக் கையை எடுக்க வேண்டும். நெருங்கி வந்தால் மறுபடி தடவலாம், விலகினால் விட்டுவிட வேண்டும். அது சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடவே கூடாது. நீங்கள் பக்கத்தில் இல்லாமல் இருவரையும் தனியே விடாதீர்கள்.

தலை குனிவதைப் பற்றி மாமி சொல்வது எல்லோரும் நம்புவதுதான். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009இல் இதைச் சோதித்தார். தின்னக் கூடாது என்று வைத்த பண்டத்தைத் தின்ற நாயும் தின்னாத நாயும் ஏச்சு விழுந்தபோது அதே 'குற்ற முகத்தை'த்தான் காட்டின. ஜிம்மி குனிவது உங்கள் கோபத்துக்குப் பயந்து.

பின்னேர நடை என்றீர்கள், நல்லது. மரைன் டிரைவில் பலர் நாய் மோப்பம் பிடிக்க நின்றதும் சங்கிலியை இழுத்துக்கொண்டு போவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. நாய் ஊரை அறிவதே மூக்கால்தான். தூரம் குறைந்தாலும் பரவாயில்லை, நின்று மணந்து பார்க்க விடுங்கள். மத்தியானத் தார் ரோட்டு மட்டும் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, இதுதான் அவசரம். இவ்வளவு நாளும் பொறுத்த நாய் இப்போது உறுமுகிறது என்றால் எங்கோ வலி இருக்கலாம். காதுக்குள் புண், பல், இடுப்பு மூட்டு எல்லாவற்றையும் இந்தக் கிழமையே மிருக வைத்தியரிடம் காட்டிப் பாருங்கள். அதுவரை மகள் கட்டிப்பிடிக்க வேண்டாம்.