1984: பின்னிணைப்பு ஏன் இறந்தகாலத்தில்?

ஜார்ஜ் ஆர்வெல்லின் "1984" நாவலின் முடிவில், நியூஸ்பீக் என்ற மொழியை விளக்கும் பின்னிணைப்பு இறந்தகாலத்தில் வருகிறது. அதை எழுதுபவர், நாவலில் நாட்டை ஆளும் கட்சியின் ஆட்சி முடிந்த பிறகு வாழ்பவர் என்று வாசித்தால் அந்த இறந்தகாலம் சரியாகப் பொருந்தும். நாயகன் வின்ஸ்டன் கட்சியிடம் தோற்றபின், சிந்தனையைக் குறுக்கக் கட்சி உருவாக்கிய நியூஸ்பீக் அரசு மொழியாக "இருந்தது" என்று ஏன் வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். பின்னிணைப்பை ஆர்வெல் தன் குரலில் சேர்த்த விளக்கக் குறிப்பாக எடுத்துக்கொண்டதால்தான் குழப்பம் என்று நினைக்கிறேன். அதுவும் கதைக்குள் இருக்கும் ஆவணம்தான்.

சோதித்துப் பார்க்க:

1. முதல் அத்தியாயத்தில் நியூஸ்பீக் பற்றிய அடிக்குறிப்பைப் பாருங்கள். அங்கேயே இறந்தகாலம் தொடங்கிவிடுகிறது.

2. பின்னிணைப்பில் 2050 வரும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் பழைய மொழி ஒழிந்துவிடும் என "எதிர்பார்க்கப்பட்டது" என்கிறார் அதை எழுதுபவர்; ஒழிந்தது என்று எங்கும் சொல்லவில்லை.

3. முக்கியமானது இது: அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை முழு வாக்கியங்களாக மேற்கோள் காட்டி, இதை நியூஸ்பீக்கில் பெயர்க்கவே முடியாது என்கிறார். அந்த மொழி வென்றிருந்தால் இப்படியொரு பத்தியை எழுதவும் ஆள் இருக்காது, புரிந்துகொள்ளவும் ஆள் இருக்காது. வின்ஸ்டனை உடைத்த அதிகாரத்தால் சொற்களை முழுக்க அழிக்க முடியவில்லை. நாவலிலேயே வலுவான இடம் இதுதான் என்பேன்.

1949-இல் அமெரிக்கப் புத்தகக் கழகம் ஒன்று பின்னிணைப்பை வெட்டச் சொன்னபோது ஆர்வெல் மறுத்துவிட்டார்.

ஒரு எச்சரிக்கை: கட்சி வீழ்ந்ததாக நாவலில் ஒரு வரிகூட இல்லை. கதை முழுவதும் இறந்தகாலத்தில்தான் நடக்கிறது. பின்னிணைப்பும் அதையே தொடர்கிறது என்று வாதிடுபவர்களும் உண்டு. கட்டுரை எழுதுவதாக இருந்தால் "வீழ்ந்தது" என்று அடித்துச் சொல்லாமல், மூன்றாவது சான்றை முன்னிறுத்துங்கள்.