வயதானவர்களிடம் சூதாட்டம் பற்றி எப்படிக் கேட்பது? ஒரு குடும்ப மருத்துவரின் பதில்கள் (சிங்கப்பூர்)

பாலிகிளினிக் தாதி ஒருவர்: "சூதாடுவீர்களா?" என்று கேட்டாலே பெரியவர்களுக்குக் கோபம் வருகிறது. எப்படி ஆரம்பிப்பது?

அந்தச் சொல்லை எடுக்காதீர்கள். வாரம் தவறாமல் லாட்டரி நம்பர் எடுக்கும் தாத்தா அதைச் சூதாட்டமாகவே நினைப்பதில்லை. தூக்கம், சாப்பாடு, மருந்துச் செலவு எல்லாம் விசாரித்துவிட்டு, "4டி, டோட்டோ லாட்டரி, ஜாக்பாட் இயந்திரம் ஏதாவது விளையாடுவீர்களா, ஐயா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் இன்னும் இரண்டே கேள்விகள். எவ்வளவு விளையாடுகிறீர்கள் என்பதை வேண்டியவர்களிடம் மறைத்துப் பொய் சொல்ல நேர்ந்ததா? கட்டும் பணத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்று தோன்றியதா? ஒன்றுக்கு ஆமாம் வந்தாலும் விரிவாகப் பேச வேண்டும். அதற்கு, சூதாட்டப் பிரச்சினை எவ்வளவு தீவிரம் என்று அளக்க, ஒன்பது கேள்விகள் கொண்ட பிஜிஎஸ்ஐ (PGSI) படிவம் இருக்கிறது. மகனோ மருமகளோ கூட வந்திருந்தால் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லுங்கள். அவர்கள் முன்னால் உண்மை வராது.

எல்லோரையும் கேட்க நேரம் ஏது, டாக்டர்?

சரி, இவர்களையாவது விடாதீர்கள்: துணையை இழந்தவர்கள், மனச்சோர்வு உள்ளவர்கள், காரணமில்லாமல் சர்க்கரை மாத்திரை வாங்குவதைத் தள்ளிப்போடுபவர்கள். 55 வயதில் சிபிஎஃப் (ஓய்வுக்காலச் சேமநிதி) பணத்தில் ஒரு பகுதியை எடுத்தவர்களிடமும் கேட்கலாம். இளைஞன் இழந்ததை உழைத்து மீட்கலாம். எழுபது வயதில் அந்த வழி இல்லை.

அப்பாவுக்குப் பார்க்கின்சன் (நடுக்குவாதம்). இதுவரை சீட்டுக்கட்டைத் தொடாதவர், இப்போது கேசினோவே கதி என்று இருக்கிறார். வீட்டில் தினமும் சண்டை.

தயவுசெய்து அவரைத் திட்டாதீர்கள், தம்பி. முதலில் அவருடைய மருந்துப் பட்டியலைப் பாருங்கள். பிராமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைப் போலவே வேலை செய்கின்றன. சிலருக்கு அதனால் அடக்க முடியாத சூதாட்ட வேட்கை வருகிறது. காலை அசைத்துக்கொண்டே இருக்கத் தூண்டும் கால் குடைச்சலுக்கு இதே மருந்தைச் சாப்பிடுபவர்களுக்கும் வரலாம். மனநலத்துக்குத் தரும் அரிப்பிப்ரசோலும் இப்படிச் செய்யக்கூடும். ஆனால் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், திடீரென நிறுத்தினால் வேறு ஆபத்து. இந்த வாரமே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ தருவார்; பலருக்கு அந்த வேட்கை அதோடு தணிந்துவிடுகிறது. இந்த மருந்தை எழுதும் ஒவ்வொரு மருத்துவரும் முதல் நாளே குடும்பத்திடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த மருந்து எதுவும் இல்லை. 66 வயதில் திடீரென ஆரம்பித்தால்?

குணமும் சேர்ந்து மாறியிருந்தால், அதாவது கூச்சம் போய்விட்டது, அடுத்தவர் வருத்தம் உறைக்கவில்லை என்றால், மூளையின் முன்பகுதியைத் தாக்கும் மறதிநோயா என்று பரிசோதிக்க வேண்டும்.

அம்மாவைக் கேசினோவுக்குள் விடாமல் தடுக்க முடியுமா?

முடியும். நுழைவுக் கட்டணம் 150 வெள்ளியாக இருந்தும் போகிறவர் போகத்தான் செய்கிறார். அதனால் குடும்பத்தார் தடை ஆணைக்கு விண்ணப்பிக்கலாம். அம்மாவே மனம் வந்து தன்னைத் தடைசெய்துகொண்டால் இன்னும் நல்லது. ஆனால் கடையில் ரொக்கம் கொடுத்து 4டி வாங்குவதை எந்த ஆணையும் தடுக்காது. அதற்கு ஆலோசனையும் சிகிச்சையும்தான் வழி. 1800-6-668-668 என்ற சூதாட்டப் பிரச்சினை உதவி எண்ணை அழையுங்கள். அப்புறம், கடன் எவ்வளவு என்று கேட்கும்போதே "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதா, அம்மா?" என்றும் நேராகக் கேளுங்கள். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767-ஐ அழையுங்கள், இரவும் பகலும் எடுப்பார்கள்.