எக்ஸ்டென்ஷன் எழுதிச் சம்பாதிக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்களான எக்ஸ்டென்ஷன்களைத் தயாரித்து விற்பது குறித்துத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் நான்கிற்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: தருமபுரியில் ஒரு டிடிபி சென்டரில் வேலை பார்க்கிறேன். பி.எஸ்சி. கணினி அறிவியல் படித்தவள். எச்டிஎம்எல்லும் ஜாவாஸ்கிரிப்டும் ஓரளவு தெரியும். மாலை நேரங்களில் குரோம் எக்ஸ்டென்ஷன் எழுதி விற்றால் உபரி வருமானம் வரும் என்கிறார்கள். உண்மையா? எதிலிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, தருமபுரி

பதில்: உண்மைதான். ஆனால் சம்பளத்தை விட்டுவிட்டு நம்பும் அளவுக்கு வரும் என்று எண்ணித் தொடங்க வேண்டாம். எழுதுகிறவர்களில் பலருக்கு ஒரு ரூபாய்கூட வராமல் போவதற்குக் காரணம் அவர்களுடைய திறமைக் குறைவு அல்ல. நூறு பேர் ஏற்கெனவே இலவசமாகத் தரும் ஒன்றையே அவர்களும் செய்கிறார்கள். குறிப்பெழுதும் பெட்டியும், நிறம் மாற்றும் பொத்தானும், செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலும் இனி எவரும் காசு கொடுத்து வாங்கும் பொருள்கள் அல்ல.

மூலதனம் பெரிதாகத் தேவையில்லை. குரோம் எக்ஸ்டென்ஷன்களை வெளியிடும் கூகுளின் தளமான குரோம் வெப் ஸ்டோரில் டெவலப்பராகப் பதிவு செய்ய ஒரே ஒரு முறை 5 டாலர் கட்ட வேண்டும். ஃபயர்ஃபாக்ஸுக்கும் எட்ஜுக்கும் கட்டணம் இல்லை. சஃபாரிக்கு ஆப்பிள் நிறுவனம் ஆண்டுக்கு 99 டாலர் கேட்கிறது. அதை இப்போதைக்கு மறந்துவிடலாம். உங்களுக்குத் தெரிந்த ஜாவாஸ்கிரிப்ட் தொடங்கப் போதுமானது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: யூடியூபில் கிடைக்கும் பழைய பாடங்கள் பல மேனிஃபெஸ்ட் வி2 என்ற பழைய எக்ஸ்டென்ஷன் அமைப்பு முறையில் எழுதப்பட்டவை, குரோம் அதைக் கைவிட்டுவிட்டது. வி3 முறையில் நிரல் முழுவதும் எக்ஸ்டென்ஷனுக்குள்ளேயே இருக்க வேண்டும். வெளி சர்வரிலிருந்து நிரலை இறக்கி ஓட்ட அனுமதி இல்லை.

எதைச் செய்வது என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்கு விடை உங்கள் மேசையிலேயே இருக்கிறது. வானவில் எழுத்துருவில் எப்போதோ தட்டச்சு செய்த மனுவை ஒருவர் பென்டிரைவில் கொண்டுவருகிறார். அதை இணையப் படிவத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கலைந்து நிற்கிறது. நீங்கள் முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்கிறீர்கள். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடை 2010ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது என்றாலும், பழைய எழுத்துருக்களில் கிடக்கும் கோப்புகள் இன்னும் புழக்கத்தில்தான் இருக்கின்றன. படிவத்தில் ஒட்டிய எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து வலது சொடுக்கில் ஒரு கட்டளை கொடுத்தால், அந்த இடத்திலேயே யூனிகோடாக மாற்றித் தரும் ஒரு எக்ஸ்டென்ஷனை எண்ணிப் பாருங்கள்.

இதில் உள்ள நுணுக்கம், வெளியூரில் இருக்கும் ஒரு நிரலாளருக்கு எளிதில் பிடிபடாது. பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமித்தன. ‘தொப்பூர்’ என்று எழுதினால் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு தகரம், அதன் பிறகு கால் என்று மூன்று துண்டுகள். யூனிகோடிலோ மெய்யெழுத்தின் இடம் முதலில், உயிர்க்குறி முழுதாக அதற்குப் பின்னால். எனவே ஒரு குறிக்குப் பதில் இன்னொரு குறி என்று மாற்றினால் மட்டும் போதாது. கொம்பைத் தூக்கிப் பின்னால் வைத்து, காலோடு சேர்த்து ஒரே குறியாக்க வேண்டும். ‘கௌரவம்’ போன்ற சொற்களில் ஔகாரக் குறியின் பின்பாதி ளகரத்தைப் போலவே இருப்பதால், கவனியாமல் விட்டால் அது ‘கெளரவம்’ என்று மாறி நிற்கும். பாமினி எழுத்துருவுக்கு ஒரு மாற்று அட்டவணை, வானவில்லுக்கு வேறோர் அட்டவணை. இவற்றையெல்லாம் அன்றாடம் கண்ணால் பார்க்கும் உங்களுக்கு, எந்தச் சொற்களை வைத்துச் சோதிக்க வேண்டும் என்று எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இலவச மாற்றிகள் இணையத்தில் உள்ளனவே, காசு கொடுத்து ஏன் வாங்குவார்கள் என்று கேட்பீர்கள். ஒருவருடைய நிலத் தகராறு மனுவை முன்பின் தெரியாத தளத்தில் ஒட்ட வேண்டியதில்லை என்பதும், சன்னல் மாற்றாமல் வேலை முடிகிறது என்பதும் நாள் முழுக்க அதே வேலையைச் செய்பவருக்குப் பெரிய விஷயம். முதலில் உங்கள் சென்டரிலேயே ஒரு மாதம் பயன்படுத்துங்கள். பிறகு நகரத்தில் உங்களுக்குத் தெரிந்த மற்ற சென்டர்களுக்குக் கொடுத்து, அவர்கள் எங்கே திணறுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஸ்டோரில் ஏற்றுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அனுமதிகளைக் குறைவாகக் கேளுங்கள். இந்த வேலையில் இணையப் பக்கத்தைத் தொட ‘ஆக்டிவ்டேப்’ அனுமதி போதும். பயனர் அழைக்கும்போது, அவர் பார்த்துக்கொண்டிருக்கும் டேபை மட்டும் அது தொடும். எல்லா இணையதளங்களையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்டால், நிறுவும்போதே குரோம் ஓர் எச்சரிக்கையைக் காட்டும். ஸ்டோரின் பரிசீலனையும் நீளும்.

கேள்வி: எக்ஸ்டென்ஷன் தயாராக உள்ளது. வெப் ஸ்டோரில் விலை போடும் இடத்தையே காணோம். பணம் எப்படி வாங்குவது? ஜிஎஸ்டி எடுக்க வேண்டுமா?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: முன்பு அந்த வசதி இருந்தது; கூகுள் அதை 2021இல் நிறுத்திவிட்டது. இப்போது பணத்தை வெளியே வாங்கிக்கொண்டு, பயனருக்கு ஒரு லைசென்ஸ் கீ (உரிமக் குறியீடு) கொடுத்து, எக்ஸ்டென்ஷனுக்குள் அதைச் சரிபார்ப்பதே வழக்கம்.

வாங்குபவர்கள் நம் ஊர்க்காரர்கள் என்றால் யுபிஐ போதும். தொடக்கத்தில் வரும் சிலருக்குப் பணம் வந்ததும் வாட்ஸ்அப்பில் கீயை அனுப்பிவிடலாம். ஆள் பெருகிய பிறகு ரேசர்பே போன்ற இணையக் கட்டணச் சேவை ஒன்றை இணைத்துக்கொள்ளலாம். பேபாலை உள்நாட்டு வசூலுக்கு எண்ண வேண்டாம்; 2021 ஏப்ரல் முதல் இந்தியாவுக்குள் அந்தச் சேவை இல்லை, வெளிநாட்டுப் பணத்தை மட்டுமே அதன் வழியாகப் பெற முடியும். இதே போன்ற கட்டணச் சேவை தரும் ஸ்ட்ரைப் நிறுவனம் 2024இலிருந்து இந்தியாவில் அழைப்பு பெற்றவர்களுக்கு மட்டுமே கணக்குத் தருகிறது.

வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு பேடில், லெமன் ஸ்குவீசி போன்ற இடைநிலை விற்பனையாளர்கள் ஏற்றவர்கள். அந்தந்த நாட்டு விற்பனை வரியை அவர்களே வசூலித்துக் கட்டிவிடுவார்கள். ஆனால் விற்பனை ஒன்றுக்கு அடிப்படைக் கட்டணமாக 5 சதவீதமும் 50 சென்ட்டும் எடுத்துக்கொள்வார்கள் என்பதால், விலை வைக்கும் முறையையே அது தீர்மானிக்கிறது. மாதம் 3 டாலர் என்று வைத்தால் ஒவ்வொரு முறையும் 65 சென்ட், அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். ஆண்டுக்கு 20 டாலர் என்று வைத்தால் போவது ஒன்றரை டாலர்தான். சிறிய பொருளுக்கு மாதச் சந்தா வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

நிரலைத் திறந்து பார்த்துக் கீ சோதனையை நீக்கிவிடுவார்களே என்ற கவலையில் மாதங்களைச் செலவழிக்காதீர்கள். எக்ஸ்டென்ஷனின் நிரல் எவர் கண்ணுக்கும் தெரியக்கூடியதே. அதை உடைக்கத் தெரிந்தவர் எப்படியும் வாங்கப் போவதில்லை.

ஜிஎஸ்டி பதிவு, சேவைகளுக்கு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போதுதான் பொதுவாகக் கட்டாயம். வருமான வரிக் கணக்கில் தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் காட்டியாக வேண்டும். எந்தத் தலைப்பில், எந்தப் படிவத்தில் என்பதை உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓசூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வார இறுதியில் எழுதும் எக்ஸ்டென்ஷனுக்கு நிறுவனம் உரிமை கோர முடியுமா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: உங்கள் பணி ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பணிக்காலத்தில் நீங்கள் உருவாக்கும் எதுவும் நிறுவனத்துக்கே சொந்தம் என்ற வரியும், வேறு தொழில் செய்யக் கூடாது என்ற வரியும் பல ஒப்பந்தங்களில் உண்டு. எடுத்துப் படித்துவிட்டு, எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். அலுவலக மடிக்கணினியை இதற்குத் தொடவே தொடாதீர்கள்.

கேள்வி: இலவசமாக வெளியிட்ட என் எக்ஸ்டென்ஷனைச் சில ஆயிரம் பேர் பயன்படுத்துகிறார்கள். அதை நல்ல விலைக்கு வாங்கிக்கொள்வதாக ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். இன்னொருவர், தாம் தரும் சில வரி நிரலைச் சேர்த்தால் மாதாமாதம் பணம் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், அரூர்

பதில்: இரண்டாமவருக்குப் பதிலே எழுத வேண்டாம். அவர் தரும் வரிகள் பயனர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறார்கள் என்பதைச் சேகரிக்கவோ, அவர்கள் பார்க்கும் பக்கங்களில் விளம்பரங்களைத் திணிக்கவோதான் பெரும்பாலும் பயன்படும். அது ஸ்டோரின் விதிகளுக்கு முரணானது. உங்களை நம்பி நிறுவிய மனிதர்களுக்குச் செய்யும் துரோகமும் ஆகும்.

முதலாமவரின் கடிதத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். அவர் விலை பேசுவது நிரலுக்கு அல்ல. அதைப் போல ஒன்றை அவரே எழுதிக்கொள்ளலாம். எக்ஸ்டென்ஷன்கள் பயனரைக் கேட்காமலே தாமாகப் புதுப்பித்துக்கொள்கின்றன. புதிதாக அனுமதி கேட்டால்தான் குரோம் நிறுத்தி எச்சரிக்கும். ஏற்கெனவே பெற்ற அனுமதிக்குள் எதைச் செய்தாலும் பயனருக்குத் தெரியாது. சில ஆயிரம் பிரவுசர்களுக்குள் போகும் அந்தத் திறந்த வாசலுக்குத்தான் விலை. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன்படுத்திய ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ 2020இல் கைமாறியது. 2021 பிப்ரவரியில், தீங்கு செய்யும் நிரல் இருப்பதாகக் கூறி கூகுள் அதை நீக்கியது.

நேர்மையாக வாங்குபவர்களும் இருக்கிறார்கள். விற்றே ஆக வேண்டும் என்றால், வாங்குபவரின் நிறுவனம் எங்கே பதிவாகியுள்ளது, அவர் வேறு எவற்றை வெளியிட்டுள்ளார், அவற்றின் மீது பயனர்கள் எழுதிய புகார்கள் என்ன என்று பாருங்கள். பணம் எப்படித் திரும்ப எடுக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். தெளிவான விடை வராவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கைமாறுவதற்கு முன்பே ஸ்டோரின் விவரப் பக்கத்திலும் எக்ஸ்டென்ஷனுக்குள்ளும் அதை அறிவித்துவிடுங்கள். வேண்டாம் என்பவர்கள் நீக்கிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். அறிவிக்கக் கூடாது என்று வாங்குபவர் நிபந்தனை போட்டால், அதுவே உங்களுக்கு விடை.

உங்களைப் போன்றவர்களுக்கு விலை பேசாமலே பறிக்கும் கடிதங்களும் வரும். 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷனே அப்படித்தான் பறிபோனது: விதிமீறலுக்காக ஸ்டோரிலிருந்து நீக்கப் போகிறோம் என்று வந்த போலி மின்னஞ்சலை நம்பி ஊழியர் ஒருவர் ஒரு செயலிக்கு அனுமதி கொடுக்க, அதன் வழியே மோசடிப் பதிப்பு ஏற்றப்பட்டது. இரட்டைச் சரிபார்ப்பு இருந்தும் அது காப்பாற்றவில்லை. ஏனென்றால் அனுமதியைக் கொடுத்தது அவரே. எனவே ஸ்டோரின் பெயரில் எந்த மின்னஞ்சல் வந்தாலும் அதிலுள்ள இணைப்பைத் தொடாமல், முகவரியை நீங்களே தட்டச்சு செய்து டெவலப்பர் டாஷ்போர்டுக்குள் நுழைந்து, அப்படி ஓர் எச்சரிக்கை அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.