சம்பளம் கூட்டியும் தோட்டத்து ஆட்களுக்கு வேலையில் மனம் ஒட்டவில்லையே, ஏன்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் புதிதாக மேற்பார்வைக்கு வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில், வேலைக்கு முன் ஆட்கள் கூடும் காலைப் பெரட்டைக் கவனியுங்கள். பெயர் கூப்பிட்டு, மர நிரை பிரித்து அனுப்புவதோடு முடிந்துவிடுகிறதா?

வேலை ஈடுபாட்டைப் பற்றி 1990இல் எழுதிய நிர்வாகவியல் ஆய்வாளர் வில்லியம் கான், அதற்கு வேண்டியவை என்று மூன்றைச் சொன்னார்: வேலையில் ஓர் அர்த்தம், பயமின்றிப் பேசும் நிலை, உடம்பிலும் மனத்திலும் தெம்பு. தோட்டத்தில் அடிபடுவது பெரும்பாலும் இரண்டாவதுதான். காய்க்குலையை வெட்டித் திட்டு வாங்கியவர், மறுநாள் சந்தேகம் வந்தாலும் வாய் திறக்கமாட்டார். பழுத்த குலையையும் மரத்திலேயே விட்டுவிடுவார். அதட்டாதீர்கள். மரத்தடிக்கே அழைத்துப்போய், உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்லிக்கொடுங்கள். அரிவாள் தேய்ந்துவிட்டது என்றால் அன்றே மாற்றிக் கொடுங்கள். தீபாவளி விருந்து (வேண்டாம் என்று சொல்லவில்லை) அதற்குப் பிறகுதான்.