பக்கத்து இருக்கை ஏன் காலியாகவே இருக்கிறது? அன்றாட இனவெறி பற்றிய கேள்வி பதில்

சமூக உளவியல் பாடம் நடத்துவது என் வேலை. அன்றாடப் பேச்சிலும் பழக்கத்திலும் இனவெறி எப்படி எட்டிப் பார்க்கிறது என்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். கேட்டவர் யார் என்று தெரியவைக்கும் விவரங்களையும் எடுத்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, நான் வேறு நாட்டில் வேலை பார்க்கிறேன். பேருந்து எவ்வளவு நிரம்பினாலும் என் பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாகவே கிடக்கிறது. சில நாள் யாராவது உட்காருகிறார்கள். என் நிறம்தான் காரணமா, இல்லை நானாகக் கற்பனை செய்துகொள்கிறேனா? தினமும் இதே யோசனை.

ஒரு நாள் நடந்ததை மட்டும் வைத்து உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது. ஒருவர் நின்றுகொண்டே வருவதற்கு எத்தனையோ காரணம் இருக்கும். ஆனால் மாதக்கணக்கில் இதுவே நடந்தால், மற்ற இருக்கைகள் எல்லாம் நிரம்பிய பிறகும் உங்கள் பக்கம் மட்டும் மிஞ்சினால், அதைக் கற்பனை என்று ஒதுக்கத் தேவையில்லை. தனித்தனி நிகழ்ச்சிக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். மொத்தமாக எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

அந்த யோசனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்களை அதிகம் களைப்பாக்குவது அதுதான். ஜெசிக்கா சால்வடோர், நிக்கோல் ஷெல்டன் இருவரும் 2007-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும்போது நடக்கும் பாரபட்சத்தை ஆட்களுக்குக் காட்டிவிட்டு, உடனே கவனத்தைச் சோதிக்கும் ஒரு பயிற்சியைக் கொடுத்தார்கள். வெள்ளையினத்தவர்களை வெளிப்படையான பாரபட்சம்தான் தடுமாற வைத்தது. கறுப்பினத்தவர்கள் அதிகம் தடுமாறியது, இது பாரபட்சமா இல்லையா என்று தெளிவாகத் தெரியாத நிலையில்தான். முகத்துக்கு நேராகத் திட்டினால் கோபம் வரும், ஆனால் என்ன நடந்தது என்பதில் குழப்பம் இருக்காது. தெளிவில்லாத சின்ன விஷயம்தான் மூளையை மணிக்கணக்கில் ஆராய வைக்கும். அந்த ஆராய்ச்சியில் செலவாவது உங்கள் சக்தி.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 1980-ல் கிளெக், ஸ்ட்ரென்டா இருவரும் வெளியிட்ட சோதனையில், பங்கேற்றவர்களின் முகத்தில் ஒப்பனையால் தழும்பு போட்டுக் கண்ணாடியில் காட்டினார்கள். பிறகு, வேறு ஏதோ பூசுவதாகச் சொல்லி அவர்களுக்குத் தெரியாமலேயே அதை அழித்துவிட்டார்கள். தழும்பு இருப்பதாக நம்பியே போனவர்கள், எதிரில் இருந்தவர் தங்களிடம் ஒரு மாதிரி நடந்துகொண்டதாகத் திரும்பி வந்து சொன்னார்கள். எதிர்பார்ப்பு நம் பார்வையை மாற்றும், உண்மைதான். ஆனால் இதை மட்டும் பிடித்துக்கொண்டு ‘எல்லாம் உன் பிரமை’ என்று சொல்பவர்களை நான் ஏற்பதில்லை. மாண்ட்ரியலில் ஹைத்தி, இந்தியப் பூர்வீகப் பெண்களிடம் நடத்திய ஆய்வில், ‘எங்கள் மக்களுக்குப் பாகுபாடு நடக்கிறது’ என்று சொன்ன அளவுக்கு, ‘எனக்கு நடந்தது’ என்று அவர்கள் சொல்லவில்லை. தனக்கு நடந்ததைக் குறைத்துச் சொல்வதும் மனித இயல்புதான்.

காலி இருக்கைக்காக யாரிடமும் போய்ச் சண்டை போட முடியாது. அங்கே ‘ஏன்’ என்ற கேள்வியை விடை இல்லாமலே விட்டுவிடலாம். அதே அனுபவம் உள்ள ஒருவரிடம் பேசுங்கள், பாரம் குறையும். சக்தியைச் சேர்த்து வைத்துக்கொண்டு, வேலை, வாடகை வீடு, மருத்துவம் என்று உங்கள் வாழ்க்கையைத் தொடும் இடங்களில் செலவழியுங்கள்.

கேள்வி: புதிதாகப் பழகுகிறவரிடம் ‘எந்த ஊர்?’ என்று கேட்பது இனவெறியா? நான் ஆசையாகத்தான் கேட்டேன், அவர் முகம் மாறிவிட்டது.

கேட்பதில் தவறில்லை. பதில் சொன்ன பிறகும் ‘அது சரி, உண்மையில் எந்த ஊர்?’ என்று தோண்டும்போதுதான் சிக்கல். அவர் அங்கேயே பிறந்து வளர்ந்தவராக இருக்கலாம். அவர் சொன்ன பதிலை உங்கள் கண் ஏற்கவில்லை என்பதுதான் அந்த இரண்டாவது கேள்வியின் அர்த்தம். அதே அறையில் பெரும்பான்மை இனத்தைச் சேர்ந்தவரிடமும் இதைக் கேட்டிருப்பீர்களா என்று யோசித்துப் பாருங்கள், விடை கிடைத்துவிடும்.

உங்களுக்கு இது முதல் முறை, அவருக்கு எத்தனையாவது முறையோ. ஒவ்வொன்றாகப் பார்த்தால் அற்பமாகத் தெரிந்து, சேரச் சேர வலிக்கும் இந்த மாதிரியான சிறு சீண்டல்களுக்கு மைக்ரோஅக்ரெஷன் என்று 1970-ல் பெயர் வைத்தவர் செஸ்டர் பியர்ஸ், ஹார்வர்டில் இருந்த கறுப்பின மனநல மருத்துவர்.

கேள்வி: அலுவலகத்தில் ஒருவர் வேறு இனத்தவரைப் பற்றி மட்டமாக ஒரு ஜோக் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஆனால் எதிர்த்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இரவெல்லாம் தூக்கம் இல்லை. நான் கோழையா மேடம்?

இல்லை. எல்லோருக்கும் நடப்பதுதான் உங்களுக்கும் நடந்திருக்கிறது. கனடாவில் கெரி கவகாமியும் குழுவினரும் 2009-ல் வெளியிட்ட சோதனை இதுதான்: ஒரு கறுப்பின இளைஞர் அறையை விட்டு வெளியே போகும்போது வெள்ளையினத்தவர் ஒருவரின் முழங்காலில் லேசாக இடித்துவிடுகிறார். அவர் போனதும் இடிபட்டவர் இனவெறியோடு ஒரு வார்த்தை சொல்கிறார். இருவரும் நடிகர்கள். நீங்கள் அங்கே இருந்தால் என்ன செய்வீர்கள் என்று சிலரிடம் கேட்டபோது, மனம் கொதிக்கும், அந்த ஆளோடு சேர்ந்து வேலை செய்யவே மாட்டோம் என்றார்கள். நிஜமாக அந்த அறையில் இருந்தவர்களுக்கோ பெரிய கொதிப்பு எதுவும் வரவில்லை. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த ஆளையே கூட்டாளியாகத் தேர்ந்தெடுத்தார்கள். உங்களுக்குத் தூக்கமாவது போயிருக்கிறது.

அந்த நொடியில் தானாக வார்த்தை வந்துவிடும் என்று நம்பாதீர்கள். வராது. முன்கூட்டியே ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ‘இதுல சிரிக்க என்ன இருக்கு, எனக்குப் புரியல’ என்று சாதாரணக் குரலில் கேட்டாலே போதும். விளக்கப் போனால் அந்த ஜோக் தானாக வாடிவிடும். ‘என் முன்னால இப்படி வேண்டாமே’ என்பதும் நல்ல வாக்கியம். நேரம் தப்பிவிட்டதா? மறுநாள் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம். கூட்டத்தில் குனிய மறுப்பவர் தனியாகக் கேட்டுக்கொள்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சொல்லி என்ன பயன் என்று சலித்துக்கொள்பவர்களுக்கு: அலெக்ஸ் சோப்பும் சக ஆய்வாளர்களும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், கண்டிக்கப்பட்டவர்கள் எரிச்சல்பட்டாலும் பிறகு அதே மாதிரியான பாரபட்சப் பதில்களைக் குறைத்துக்கொண்டார்கள். இன்னொன்று. பாதிக்கப்பட்டவரே வாய் திறந்தால் ‘எதற்கெடுத்தாலும் குறை சொல்கிறார்’ என்று முத்திரை குத்துவார்கள். சம்பந்தப்படாத மூன்றாவது ஆள் சொன்னால் அவ்வளவு எளிதாகத் தட்டிவிட முடியாது. அதனால்தான் உங்களைப் போன்றவர்கள் பேச வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

கேள்வி: நான் இனமோ நிறமோ பார்ப்பதே இல்லை, எனக்கு எல்லோரும் மனிதர்கள்தான். இதுதானே சரியான வழி?

எண்ணம் நல்லது, வழி அவ்வளவு சரியில்லை. 2020-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு மருத்துவ ஆய்வைச் சொல்கிறேன். விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டர், ஆக்சிஜன் ஆபத்தாகக் குறைந்திருப்பதைக் கவனிக்காமல் விடுவது வெள்ளையின நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. அந்தக் கருவி யாரையும் வெறுக்கவில்லை. கருமையான தோலில் ஒளி எப்படி ஊடுருவும் என்பதற்கு அதன் வடிவமைப்பில் போதிய கவனம் இல்லை, அவ்வளவுதான். நிறத்தைப் பார்க்காமல் விட்டதன் விலையை ஒரு பிரிவினர் மட்டும் கொடுத்தார்கள்.

பழகும் இடத்திலும் இதே கதைதான். 2008-ல் குழந்தைகளிடம் நடத்திய ஒரு ஆய்வில், படங்களில் ஒளித்து வைத்த முகத்தைக் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. தோல் நிறத்தைக் கேட்டால் சீக்கிரம் முடிந்துவிடும். 8, 9 வயதுக் குழந்தைகள் சட்டென்று கேட்டார்கள். 10, 11 வயதுக் குழந்தைகள் அதைத் தவிர்த்துச் சுற்றி வளைத்ததால் சின்னவர்களைவிட மோசமாக விளையாடினார்கள். நிறம் என்பது வாயில் வரக்கூடாத விஷயம் என்று அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

கேள்வி: என் மகளுக்கு 4 வயது. பொது இடத்தில் ஒருவரைக் காட்டி ‘அந்த மாமா ஏன் இவ்வளவு கறுப்பு?’ என்று சத்தமாகக் கேட்டுவிட்டாள். வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பொத்தாதீர்கள். அவள் கேட்டது வெறும் கேள்வி. நீங்கள் பதறியதில் இருந்துதான் அது அசிங்கமான விஷயம் என்று கற்றுக்கொள்வாள். ‘ஆமாம், அவர் தோல்ல மெலனின்னு ஒரு நிறப்பொருள் அதிகம். உனக்குக் கொஞ்சம் குறைவு’ என்று அங்கேயே, அதே குரலில் சொல்லுங்கள். வளர்ந்த பிறகு மீதியைச் சொல்லலாம்: வெயில் கடுமையான பகுதிகளில் வாழ்ந்த முன்னோரின் உடலில் ஃபோலேட் சத்து சிதையாமல் கருமையான தோல் காத்தது, வெயில் குறைந்த பகுதிகளில் வைட்டமின் டி உருவாக வெளிர் தோல் உதவியது.

அதைவிட முக்கியம், அவள் எந்த முகங்களுக்கு நடுவில் வளர்கிறாள் என்பது. பிறந்த குழந்தை எந்த இனத்து முகத்தையும் ஒன்றுபோலப் பார்க்கும். 3 மாதத்தில் தன்னைச் சுற்றி உள்ளவர்களின் முகச்சாயலை அதிக நேரம் பார்க்கத் தொடங்கிவிடும். ஆனால் இரண்டு இன முகங்களையும் தினமும் பார்த்து வளர்ந்த குழந்தைகளிடம் அந்தச் சாய்வு காணப்படவில்லை. வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்று கவனியுங்கள்.

கேள்வி: கூட்டங்களில் நான் பேசினால் ‘புரியவில்லை’ என்கிறார்கள். என் ஆங்கிலம் நன்றாகவே இருக்கும். உச்சரிப்பை மாற்றப் பயிற்சிக்குப் போகலாமா?

போவதும் போகாததும் உங்கள் விருப்பம். குறை முழுக்க உங்களுடையது என்று மட்டும் நினைத்துக்கொண்டு போகாதீர்கள். டொனால்ட் ரூபின் 1992-ல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்க மாணவர்கள் கேட்டது ஒரே ஒலிப்பதிவு. பேசியவருக்கு ஆங்கிலமே தாய்மொழி. ஒரு பிரிவினருக்கு வெள்ளையினப் பெண்ணின் படம் காட்டினார், இன்னொரு பிரிவினருக்கு ஆசியப் பெண்ணின் படம். ஆசிய முகத்தைப் பார்த்தவர்களின் காதில், ஒலிப்பதிவில் இல்லாத அந்நிய உச்சரிப்பு விழுந்தது. பாடம் புரிந்த அளவும் குறைந்தது.

பழகாத உச்சரிப்புக்குக் காது ஒரு நிமிடத்துக்குள்ளேயே பழகத் தொடங்கிவிடும் என்பதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அதனால் முதல் ஒரு நிமிடம் முக்கியமில்லாததைப் பேசுங்கள், விஷயத்தைப் பிறகு எடுங்கள். ‘எந்தப் பகுதி புரியவில்லை?’ என்று திருப்பிக் கேளுங்கள். நிஜமாகவே புரியாதவர் குறிப்பிட்டுச் சொல்வார்.

கேள்வி: நாமே இனவெறியால் பாதிக்கப்படுகிறவர்கள். நாம் மற்றவர்களைக் கேலி செய்தால் அதையும் இனவெறி என்பது நியாயமா?

நியாயம்தான். அடி வாங்கியவர் இன்னொருவரை அடிக்கும்போது வலி குறைந்துவிடாது. அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவர்களின் இனவெறி பெரிய சேதம் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அதிகாரம் இடத்துக்கு இடம் மாறும். ஓர் இடத்தில் வாடகை வீடு கிடைக்காமல் அலைந்தவரே இன்னோர் இடத்தில் வீட்டுக்காரர், மேலாளர், பெண் வீட்டார். வேறு இனத்தவரை ‘அவங்களே அப்படித்தான்’ என்று சொல்லிச் சிரிக்கும் நம் வீட்டுப் பேச்சைப் பற்றி எழுதினால் நிறையப் பேருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

கேள்வி: இணையத்தில் உள்மனச் சாய்வைக் காட்டும் தேர்வை எழுதினேன். ‘கடுமையான சாய்வு’ என்று வந்தது. நான் இனவெறியனா?

1998-ல் அறிமுகமான தேர்வு அது. ஒரே ஆள் இரண்டு முறை எழுதினால் மதிப்பெண் மாறும். தனி மனிதரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அது போதாது. போன மாதம் யாரை வேலைக்கு எடுத்தீர்கள், யாரை விருந்துக்குக் கூப்பிட்டீர்கள் என்று பாருங்கள். அது இதைவிட நல்ல தேர்வு.

கேள்வி: வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பெயரைச் சுருக்கி, அவர்கள் பெயர் மாதிரி வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மனசு கேட்கவில்லை.

சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. பெர்ட்ரண்ட், முல்லைநாதன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் சமமான தகுதி உள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். 2004-ல் வெளியான முடிவு: வெள்ளையினப் பெயர்களுக்கு வந்த அழைப்பு 50 சதவீதம் அதிகம். வேலை இல்லாமல் தவிக்கிறீர்கள் என்றால் சுருக்கிக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கொஞ்சம் காத்திருக்க முடியும் என்றால் முழுப் பெயரோடு அனுப்புங்கள். என் விருப்பம் இரண்டாவது. ஆனால் உங்கள் வீட்டுச் செலவை நான் பார்ப்பதில்லையே.

கேள்வி: மேலதிகாரி திரும்பத் திரும்ப இனத்தைக் குத்திக்காட்டுகிறார். புகார் கொடுக்க எப்படித் தயாராவது?

இன்றே எழுத ஆரம்பியுங்கள். தேதி, நேரம், இடம், அவர் சொன்ன வார்த்தைகள் அப்படியே, பக்கத்தில் இருந்தவர்கள். ‘அவமானமாக இருந்தது’ என்பதைத் தனியாக எழுதுங்கள், நடந்ததோடு கலக்காதீர்கள். அவர் இனவெறியர் என்று நிரூபிக்கப் போகாதீர்கள், அந்த வாதம் முடியவே முடியாது. இன்ன வேலை எனக்குக் கொடுக்கவில்லை, அதே தகுதி உள்ள மற்றவருக்குக் கொடுத்தார், அன்று இன்ன வார்த்தை சொன்னார் என்று அடுக்கிக்கொண்டே போங்கள். பிரதியை அலுவலகக் கணினியில் வைக்க வேண்டாம்.