பம்பர் நசுங்கினால் நியாயம் பேசுகிறவர்கள்

கேள்வி: நீங்கள் பாராட்டி எழுதியதை நம்பி 1987-இல் வந்த 'டின் மென்' படத்தைக் குடும்பத்தோடு பார்த்தோம். ஊரை ஏமாற்றும் இரண்டு விற்பனையாளர்கள். அதில் ஒருவன் மற்றவன் மனைவியையே மயக்குகிறான். மோசடிக்கு விளம்பரம் செய்வதுதான் நகைச்சுவையா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: குடும்பத்தோடு பார்க்கச் சொன்னது நானில்லை, ஐயா.

விளம்பரம் என்கிறீர்கள். கடைசியில் விசாரணைக் குழு இரண்டு பேரின் உரிமத்தையும் பிடுங்குகிறதே, அதற்குள் எழுந்து போய்விட்டீர்களா? அவர்களில் ஒருவனாக நடித்த டேனி டிவிட்டோவின் காரும் வரி பாக்கியில் போகிறது. இதைப் பார்த்து யார் அந்தத் தொழிலுக்குக் கிளம்புவார்கள்?

கதை நடப்பது 1963-இல், அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில். வீட்டு வெளிச்சுவருக்கு அலுமினியத் தகடு அடிக்க ஆர்டர் பிடிக்கிறவர்கள் இவர்கள். 'லைஃப்' பத்திரிகைக்காரர்கள் மாதிரி ஒரு வீட்டு முன்னால் நின்று படம் எடுப்பார்கள். வீட்டுக்கார அம்மா என்னவென்று கேட்டால், தகடு அடிக்காத வீட்டுக்கு உதாரணமாக உங்கள் வீடு, அடித்த வீட்டுக்கு வேறொன்று என்பார்கள். அந்த அம்மாவுக்கு முகம் சுண்டிவிடும். என் வீட்டையே அந்த இரண்டாவது படமாகப் போடக்கூடாதா என்று தானாகவே கேட்பார். அப்புறம் என்ன, கையெழுத்துதான் பாக்கி.

இதைக் கூசாமல் செய்கிற இன்னொரு விற்பனையாளன் ரிச்சர்ட் ட்ரைஃபஸ், புதுக் காடிலாக் காரை ஷோரூமிலிருந்து ரிவர்ஸ் எடுக்கும்போது டிவிட்டோவின் கார் மோதுகிறது. உடனே நியாயம், மரியாதை, பழிக்குப் பழி! ஊரான் வீட்டுச் சுவரைக் காட்டிக் காசு பறிப்பவனுக்குத் தன் காரில் ஒரு நசுங்கல் தாங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது இங்கேதான்.

அந்த மனைவி விஷயத்தில் உங்கள் கோபம் பாதி சரி. டிவிட்டோவின் மனைவியை மயக்கிவிட்டதை அவனுக்கே போன் போட்டுச் சொல்கிறான் ட்ரைஃபஸ். புருஷனோ, நீயே வைத்துக்கொள் என்று அவள் சாமான்களை ஜன்னல் வழியே வீசுகிறான். சிரித்துவிட்டேன், அப்புறம் கூசியது. மனைவி வேடத்துக்குப் பார்பரா ஹெர்ஷி போன்ற நடிகையைக் கையில் வைத்துக்கொண்டு, இயக்குநர் பாரி லெவின்சன் அந்தப் பெண்ணைவிடக் காருக்குத்தான் அதிக அக்கறை காட்டியிருக்கிறார்.

சரி, 'பொனான்ஸா' டிவி தொடரைப் பற்றி கூட வேலை பார்க்கும் விற்பனையாளன் ஒருவன் புலம்புவானே, ஐம்பது வயது அப்பாவுக்கு ஆளுக்கு நாற்பத்தேழு வயதான மூன்று பிள்ளைகளா என்று? வீட்டில் ஒருவர்கூடவா சிரிக்கவில்லை?